காட்டுமாடு நடக்கும் வழியில் பீன்ஸ் பாத்தி: கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள்

கேள்வி: புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையை விட்டு இறங்கும் ஒரு சரிவில், மாமனார் விட்டுச்சென்ற பழைய ஓட்டு வீட்டுக்குச் சென்ற ஆவணியில் குடிவந்தோம். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் இடம் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே ஓடை, ஓடையை ஒட்டி ஒரு துண்டுச் சோலை. நான் திருச்சிக்காரன். கத்தரியும் வெண்டையும் வைக்கத் தெரியும். பனியும் சரிவும் எனக்குப் புதிது.

உறைபனி ஓயட்டும் என்று தை முழுவதும் மண்ணைத் தொடவில்லை. மாசியில் கொத்திவிட்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சமதரையில் பீன்ஸ், பட்டாணி, உருளை, காரட் போட்டேன். மனைவி வாசலோரம் டேலியா கிழங்குகளை ஊன்றினாள். சாலையோரத்து ஜகரண்டா மரங்கள் பூக்கத் தொடங்கியபோது பீன்ஸ் கொடி குச்சியில் பாதி ஏறியிருந்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதல் கோடை மழைக்கு மறுநாள் காலை, உருளைப் பாத்தியில் வரிசையாகக் குழிகள். கரண்டியால் அள்ளி எடுத்ததைப் போல ஒவ்வொன்றும் அத்தனை சுத்தம். அடிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் தண்டையும் இலையையும் வாடாமல் அப்படியே சாய்த்துவைத்திருந்தது. டேலியாவுக்கும் அதே கதி. குழியோரம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்ததால், வந்தவர் முள்ளம்பன்றிதான் என்று கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தவை காட்டுமாடுகள். தேயிலையிலிருந்து இறங்கி, சமையலறைக்குப் பின்புறமாக நடந்து, ஓடைக்குப் போயிருக்கின்றன. குளம்புத் தடம் என் உள்ளங்கையைவிட அகலம். பீன்ஸ் கொடி குச்சியோடு மண்ணுக்குள் அழுந்திக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், அவை எதையும் பெரிதாகத் தின்னவில்லை. நடந்து போயிருக்கின்றன, அவ்வளவுதான். இப்போது பிளம்ஸ் மரங்களில் காய் பிடித்திருக்கிறது. பழுத்தால் கரடி வரும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.

கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முள்கம்பி கட்டு என்கிறார் ஒருவர், பட்டாசு வெடி என்கிறார் இன்னொருவர், நாய் வளர்க்கச் சொல்கிறார் மூன்றாமவர். எனக்கு அவற்றை விரட்டியடிக்கும் ஆசை இல்லை. அதே நேரம் பீன்ஸ் பறிக்கும் ஆசை நிறையவே இருக்கிறது. எட்டு வயது மகன் வேறு மாலையில் ஓடைப்பக்கம்தான் விளையாடுகிறான். வேலி போடுவதென்றால் எப்படிப்பட்ட வேலி? சூரியமின்வேலிக்கு அனுமதி வாங்க வேண்டுமா? இவை தொடாத செடி என்று ஏதாவது உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பதில் 1: மேட்டுநிலம்

இதற்கு இவ்வளவு யோசனை தேவையா? எங்கள் அடிவாரத்தில் காட்டுப்பன்றி வந்தால் வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு கம்பி இழுத்து இரவில் மட்டும் விட்டுவைப்பார்கள். ஒரு முறை பட்டால் மறுமுறை எதுவும் வராது.

பதில் 2: ரோஸ்மேரி அத்தை

முதலில் மேட்டுநிலம் எழுதியதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். தம்பி, அந்த யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். வீட்டு மின்சாரம் போகும் கம்பிக்குப் பன்றி எது, பால்காரர் எது, உங்கள் மகன் எது என்று தெரியாது. காட்டுமாடும் கரடியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. ஒன்று செத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம்தான்.

இனி உங்கள் தோட்டம். நான் குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மண்ணில் கை வைக்காத நாள் குறைவு. உங்கள் கடிதத்தில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 'தேயிலையிலிருந்து இறங்கி, சமையலறைக்குப் பின்புறமாக நடந்து, ஓடைக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அது காட்டுமாட்டின் பாதை. உங்கள் மாமனார் வீடு கட்டுவதற்கு முன்பும் அவை அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போயிருக்கும். சரிவில் சமதரை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் கனமான விலங்கு நடக்கும். நீங்களும் பாத்தி போட அதே சமதரையைத் தேடியிருக்கிறீர்கள்.

ஆகவே பாதையை விட்டுவிட்டுப் பாத்தியை நகர்த்துங்கள். அரை ஏக்கரையும் காப்பாற்ற நினைத்தால் பணமும் போகும், பீன்ஸும் போகும். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோவைக்கூட எட்டும். அதை நிறுத்தும் வேலியைக் கட்டுவதானால் ஜெயில் மதிலைத்தான் கட்ட வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டாலும் மந்தை ஆவியாகிவிடாது. பக்கத்து வீட்டு வாசல் வழியாகவோ பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை வழியாகவோ இறங்கும். எங்கள் தெருவில் ஒரு விடுதிக்காரர் தம் எல்லை முழுவதும் கம்பிவலை அடித்தார். அன்றிலிருந்து மந்தை ரேஷன் கடை வழியாகப் போகிறது. பை நிறைய அரிசியோடு நிற்கும் கிழவிகள்தான் இப்போது ஒதுங்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஒரு கூண்டுத் தோட்டம். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கமும் இரும்புத் தூண், சங்கிலி வலை. இருபது அடிக்குப் பதினைந்து அடி. உங்கள் குடும்பத்துக்கு அவ்வளவு போதும். பீன்ஸ், காரட், கீரை, நூல்கோல், கொஞ்சம் உருளை எல்லாம் உள்ளே. கவனிக்க வேண்டியது வலையின் அடிப்பாகம். தரையோடு நின்றுவிட்டால் முள்ளம்பன்றிக்கு அது ஒரு வேலியே இல்லை; ஒரே இரவில் அடியில் தோண்டிவிடும். ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வலையை இறக்கி, அடிமுனையை வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். அது வேலியின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும். மடிப்பில் நகம் தட்டியதும் சலித்துப்போய்விடும். கோழிவலை வாங்காதீர்கள். எலி இனத்துப் பல் அதற்கு. மெல்லிய கம்பியைக் கடித்தே வழி செய்துகொள்ளும். அது முள்ளை எய்யும் என்று யாராவது உங்கள் பையனைப் பயமுறுத்தியிருந்தால், எய்யாது என்று சொல்லுங்கள். முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக மோதும், அப்போது குத்தும். நாய்கள் மூக்கில் வாங்கிக்கொண்டு வருவது அப்படித்தான்.

ஏன் இந்தப் பருவத்தில் வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பனியில் கருகிய புல் மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும். மலையில் புல்வெளியாக இருந்த இடத்தில் பெரும்பகுதியைத் தேயிலையும் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எடுத்துக்கொண்டன. மிச்சத்தில் உன்னிச்செடி புதராக ஏறிவிட்டது. அந்த நேரத்தில் பச்சையாக இருப்பது நாம் தண்ணீர் விடும் தோட்டம் மட்டும்தான். வாசலில் கிக்குயு புல் வளர்த்து, மாலையில் குழாயால் நனைத்துவிட்டு, 'ஐயோ காட்டுமாடு' என்று கத்துபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். விருந்துக்கு இலை போட்டுவிட்டு யார் வந்தது என்று கேட்கக்கூடாது. உங்கள் வீட்டை ஒட்டிய புல்லைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். பாதையோரமும் ஓடையோரமும் இருக்கும் புல்லைத் தொடாதீர்கள். மேய்வதாக இருந்தால் அங்கேயே மேய்ந்துகொள்ளட்டும்.

இவை தொடாத செடி கேட்டீர்கள். தேயிலையை அவை பெரும்பாலும் சீண்டுவதில்லை, இடையிலிருக்கும் புல்லுக்காகத்தான் தோட்டத்தில் நிற்கும். என் வீட்டில் வெளிப்பக்கம் நிற்பவை ரோஸ்மேரி, தைம், ஜெரேனியம், பூண்டு. வாசனை தூக்கலான எதையும் இதுவரை தின்றதில்லை. மிதித்திருக்கின்றன, அது வேறு. ரோஸ்மேரி மிதிபட்டாலும் பக்கத்தில் துளிர்த்துவிடும். பூவுக்கு ஆசைப்படும் உங்கள் மனைவியிடம் டேலியாவைத் தொட்டியில் வைத்துத் திண்ணையில் ஏற்றச் சொல்லுங்கள். தரையில் கிழங்கு வைத்தால் அது முள்ளம்பன்றிக்கு ஊன்றியதாகிவிடும்.

பையன் விஷயம். விளையாட்டை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின், மாலை ஐந்து மணிக்குள். மூடுபனி இறங்கிவிட்டால் அந்த நாள் ஓடைப்பக்கம் கிடையாது. மந்தையைவிட ஆபத்தானது தனியாகத் திரியும் ஆண் காட்டுமாடு. அது உடம்பைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றால், போஸ் கொடுக்கிறது என்று நினைத்துக் கைப்பேசியை எடுக்கக்கூடாது. 'நான் எவ்வளவு பெரியவன் பார்' என்று சொல்கிறது. வந்த வழியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கரடி வேறு மாதிரி. எதிர்பாராமல் பக்கத்தில் போய்விட்டால்தான் பாயும், குட்டியோடு இருந்தால் சொல்லவே வேண்டாம். தேயிலைக்குள் நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கும் புதுப்பழக்கம் இந்த மலைக்கு ஆகாது.

கடைசியாக, நாய். வளர்த்தால் இரவில் வீட்டுக்குள் படுக்கவையுங்கள். வெளியே கட்டிப்போட்ட நாயைச் சிறுத்தை வந்து எடுத்துக்கொண்டு போவது இந்த மலையில் புதிதல்ல.

பதில் 3: ஹட்டிக்காரன்

அத்தை சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் 'பாதையை விட்டுவிட்டு நகருங்கள்' என்பது அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொல்லலாம், எங்களுக்குச் சொல்ல முடியாது. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், காரட்டும் பீட்ரூட்டும்தான் சோறு. கார்போகத்துக்கு விதைக்கும்போதே எவ்வளவு காட்டுப்பன்றிக்கு, எவ்வளவு நமக்கு என்று மனக்கணக்குப் போட்டுத்தான் விதைக்கிறோம். இரவில் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவல் குடிசையில் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், விலங்குகளோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி வரும். என் அப்பா காலத்து வயல்களில் பாதி இன்று தேயிலை. ஆட்கூலி, விலை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பன்றி தேயிலையைத் தோண்டாது என்பதும் ஒரு காரணம்தான். இதைக் கோபத்தில் எழுதவில்லை. காட்டுமாட்டின் மீது எனக்குப் பகையும் இல்லை. எங்கள் பெரியவர்கள் அதைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். சூரியமின்வேலி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் ஐந்தாறு வருடமாக வைத்திருக்கிறேன். அனுமதி வேண்டுமா என்றால், வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் மின்வேலிகளுக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே போட்டவர்களுக்கும் பொருந்தும். வேலிக்கென்று தரச்சான்று பெற்ற கருவியைத்தான் வைக்க வேண்டும். அதிலிருந்து மின்சாரம் தொடர்ந்து வராது, நொடிக்கொரு தரம் ஒரு துடிப்பு வரும், நொடியின் மிகச் சிறு பகுதிதான் அது நீடிக்கும். தொட்டால் உதறிக்கொண்டு விலக முடியும், ஒட்டிக்கொள்ளாது. மேட்டுநிலம் சொன்ன கம்பிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ளது. எங்கள் பக்கத்து ஊரில் அப்படிக் கம்பி இழுத்தவரே விடிகாலையில் தன் கம்பியை மிதித்துவிட்டார். மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

கருவி வாங்குவதோடு வேலை முடியாது, அதன் பிறகுதான் தொடங்கும். பன்றிக்கு என்றால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் வர வேண்டும், அதன் மூக்கில் படும்படி. ஆனால் முதல் கோடை மழை விழுந்ததும் புல் ஒரு வாரத்தில் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் போய்விடும். வேலி நிற்கும், ஆனால் செத்த வேலி. பன்றிக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு முறை அரிவாளோடு வேலியைச் சுற்றி வர முடியுமானால் போடுங்கள். முடியாதென்றால் அத்தையின் கூண்டுதான் உங்களுக்கு. இன்னொன்று, மூடுபனி நாளில் கம்பியைத் தூணில் படாமல் பிடித்திருக்கும் காப்பான்கள் (இன்சுலேட்டர்) ஈரமாகி அங்கேயும் கசியும். விரிசல் விட்டதை உடனே மாற்றுங்கள்.

முள்கம்பி மட்டும் வேண்டாம். கன்று தாண்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு கதறினால் தாய் அந்த இடத்தை விட்டு நகராது. அப்புறம் நீங்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாது.

செலவில்லாத வழி ஒன்று: பழைய புடவைகள். வயலைச் சுற்றி வண்ணப் புடவையைக் கட்டிவைப்பது எல்லா ஊரிலும் செய்வதுதான். பன்றி மனித வாடைக்கும் அசைவுக்கும் கொஞ்ச நாள் தயங்கும். ஒரு மழையில் வாடை போய்விட்டால் மரியாதையும் போய்விடும். விதை முளைத்து நிமிரும் வரை தாக்குப்பிடிக்க உதவும். மனைவியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பதில் 4: கூடலூர் பலா

எங்கள் பக்கம் கதாநாயகன் யானை. அதனால் உங்கள் தொல்லையைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. பிளம்ஸுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்று வந்தேன். பலா காய்க்கத் தொடங்கியதும் வீட்டோர மரங்களில் பிஞ்சாக இருக்கும்போதே வெட்டி இறக்கிவிடுகிறோம். பழுத்து வாசனை கிளம்பினால் யானையை நாமே அழைத்ததாகிவிடும். குஞ்சப்பனைச் சாலையிலும் பலாப் பருவத்தில் இதே கதைதான். பிளம்ஸையும் நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்கவையுங்கள். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். கரடி மரத்தில் ஏறினால் பழத்தை மட்டும் பறிக்காது, கிளையையும் முறித்துக்கொண்டு இறங்கும்.

சமையல் கழிவைத் தோட்டத்து மூலையில் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எண்ணெய், மீன் கழுவிய நீர், பழத்தோல் இந்த மூன்றும் கரடிக்கு முகவரி எழுதிக் கொடுப்பவை. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்கே கதவை உடைக்கிற விலங்கு அது. எரு வேண்டுமென்றால் மூடியுள்ள தொட்டியில் இலைதழை மட்டும் போடுங்கள்.

பதில் 5: புதுக்குடி

அனைவருக்கும் மிக்க நன்றி. ஹட்டிக்காரன் அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. எனக்கு இது பொழுதுபோக்கு, உங்களுக்குச் சோறு என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை. மின்வேலி எனக்குச் சரிவராது. வாரந்தோறும் அரிவாளோடு சுற்றுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூண்டுத் தோட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது, பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி.

அத்தைக்கு மூன்று கேள்விகள். நேற்று அந்தத் தெற்குப் பக்கம் கொத்தும்போது மண்ணோடு ஒரு பாம்பு புரண்டு வந்தது. விரல் தடிமன்கூட இல்லை, பழுப்பு நிறம், வால் நுனி வெட்டிவிட்டது மாதிரி மொட்டையாக இருந்தது. மனைவி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள், அடிக்கவிடவில்லை. அது என்ன? இரண்டாவது, அதே சுவரோரம் பழைய ரோஜாப் புதர் ஒன்று முள்ளும் குச்சியுமாகக் கிடக்கிறது. வெட்டிவிட்டுத்தான் தூண் நட வேண்டும். எப்போது வெட்டலாம்? மூன்றாவது, பாதையோரம் ஒரு பழைய கழிவுநீர்க் குழி இருக்கிறது. மேலே பலகைதான் போட்டிருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில் 6: ரோஸ்மேரி அத்தை

மூன்றாவது கேள்விக்குத்தான் முதல் பதில்: இன்றைக்கே. நாளைக்கு என்று வைக்காதீர்கள். காட்டுமாடு மூடாத குழியிலும் கிணற்றிலும் விழுவது இந்த மாவட்டத்தில் அடிக்கடி நடக்கிறது. பலகை அதன் எடைக்கு அப்பளம். விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையும் வனத்துறையும் வந்து, மண்ணை வெட்டிச் சாய்வுப் பாதை போட்டு, அது தானாக ஏறி வரும் வரை ஊரே விழித்திருக்க வேண்டும். ஏறி வரும்போது அது நன்றி சொல்லும் மனநிலையில் இருக்காது. உங்கள் மகனும் அந்தப் பக்கம்தானே விளையாடுகிறான். தடித்த கான்கிரீட் பலகை போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கிவிடுங்கள், மாடு ஒதுங்கி நடக்கும். அது ஆகும் வரை பையனை அங்கே விடாதீர்கள்.

பாம்பு. உங்கள் மனைவிக்கு என் வாழ்த்துகள். அந்த மொட்டை வால் வருணனைக்கு அது மண்ணுக்குள் வாழும் கேடயவால் இனமாகத்தான் இருக்க வேண்டும். நீலகிரியில் காய்கறிப் பாத்தி கொத்துபவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மண்புழுதான் அதன் சாப்பாடு. நஞ்சு கிடையாது, கடிக்கக்கூட வராது. கையில் எடுத்தால் விரலைச் சுற்றிக்கொண்டு, கூரிய தலையை விரலிடுக்கில் நுழைக்கப் பார்க்கும், மண்ணைத் தேடுகிறது என்று புரியும். மண்வெட்டிக்குப் பதிலாக முள்மண்வாரியால் கிளறினால் அவை வெட்டுப்படுவது குறையும். ஆனால் ஒன்று, எல்லாப் பாம்பையும் இதே நம்பிக்கையில் தொட வேண்டாம். அடையாளம் தெரியாததை விட்டு விலகி நில்லுங்கள். கூண்டுக்கு மேலே பறவை வராமல் இருக்க நைலான் வலை விற்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். சாரைப்பாம்பும் ஆந்தையும் அதில் சிக்கி முறுக்கிக்கொண்டு கிடப்பதைக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அறுத்து எடுக்கும் வேலை எனக்குப் பழக்கம்.

ரோஜாப் புதர். வெட்டுவதற்கு முன் குனிந்து உள்ளே பாருங்கள். பங்குனி, சித்திரையில் அப்படிப்பட்ட முள்புதரில்தான் சிவப்பு மீசைச் சின்னான் கூடு வைக்கும். இடுப்பு உயரம்கூட இருக்காது. காய்ந்த இலையும் வேரும் பின்னிய சின்னக் கிண்ணம், சிலந்தி நூலால் ஒட்டியிருக்கும். உள்ளே செம்பழுப்புப் புள்ளி தெளித்த முட்டை இரண்டோ மூன்றோ இருக்கும். நீங்கள் கையை நீட்டினால் தாய் பறந்துபோய்ப் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கொண்டையை நிமிர்த்தித் திட்டும். கூடு இருந்தால் புதரைத் தொடாதீர்கள். குஞ்சு வெளியேற ஒரு மாதம்கூட ஆகாது. தூணை அடுத்த மாதம் நட்டால் பீன்ஸ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. நீலகிரி சிரிப்பானும் இதே மாதிரிப் புதரைத்தான் தேடும். உலகத்தில் இந்த மலையை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. உங்கள் சோலையில் நிச்சயம் இருக்கும். காலையில் புதருக்குள்ளிருந்து யாரோ கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டால் அதுதான்.

ஹட்டிக்காரன் தம்பிக்கு: நீங்கள் சொன்னது நியாயம். வயல்காரருக்கு நான் உபதேசம் செய்ய மாட்டேன். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு எழுதிக்கொடுக்கிறீர்களா? மனு எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு, முப்பது வருடம் ஊராருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேதமான பாத்தியைச் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவையுங்கள்.

பதில் 7: ஹட்டிக்காரன்

அத்தை, இரண்டு முறை எழுதிக்கொடுத்தேன். ஒரு முறை வந்தது, விதைச் செலவுக்குக்கூடக் காணவில்லை. இன்னொரு முறை ஏதோ ஒரு காகிதம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. படம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் போகத்துக்கு உங்களிடம் மனு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

புதுக்குடி, கூண்டுக்குக் கதவு வைக்கும்போது அடியில் படி கட்டுங்கள். வலையை எவ்வளவு ஆழம் புதைத்தாலும் முள்ளம்பன்றி கதவுக்கு அடியில்தான் வரும், அங்கே யாரும் புதைப்பதில்லை. ஒரு கருங்கல்லைக் குறுக்கே பதித்துவிட்டால் போதும். உருளைக்குப் புது விதை வேண்டுமென்றால் இப்போது தாமதமில்லை, சித்திரை பாதி வரை ஊன்றலாம். என்னிடம் முளைகட்டியது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பதில் 8: புதுக்குடி

குழிக்குப் பலகை வார்க்க இன்று மதியமே ஆள் வந்துவிட்டார். ரோஜாப் புதருக்குள் எட்டிப் பார்த்தேன், கூடு இருக்கிறது, முட்டை மூன்று. தூண் வைகாசிக்குத்தான். அதுவரை உருளையைச் சாக்குப் பையில் மண் நிரப்பித் திண்ணையில் வைக்கப் பார்க்கிறேன். அண்ணா, அந்த விதைக்கிழங்கில் எனக்கு இரண்டு கிலோ எடுத்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.